கல்விச் சீரில் வந்த கணக்கு

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சத்துணவுக்கூடத்து ஜன்னலில் நின்று சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்த என்னிடம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் வரிசையாக வந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

முதலில் வந்தவள் தட்டை நீட்டிக்கொண்டே, "அக்கா, மன்னிச்சிருங்க" என்றாள். சாதத்தைக் கொட்டிவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன். கொட்டவில்லை. இரண்டாவது வந்தவனும் அதையே சொன்னான். மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது ஆளுக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னடா, எல்லாரும் கூட்டுச் சேந்து நக்கல் பண்றீங்களா? கரண்டியாலயே போட்டேன்னா தெரியும்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. நக்கல் பண்ணுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியாதா? பதிமூன்று வருஷமாக இந்த நெடுங்கரைவிடுதிப் பள்ளிக்கூடத்தில் சோறாக்கிப் போடுகிறேன். இதுகள் முகத்தில் அது இல்லை. கண்ணெல்லாம் கலங்கி, என்னை நேராகப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றன. கடைசியாக வந்தவள் என் மகள் தமிழ்க்கனி. வீட்டில் ஒரு டம்ளர் கழுவச் சொன்னாலே ஒன்பது பேச்சுப் பேசுகிறவள்.

"மன்னிச்சிரும்மா" என்றாள்.

"எதுக்குடி?"

"தெரியலம்மா. உன்னப் பாத்தாலே கேக்கணும்னு தோணுது."

அன்று காலையில்தான் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏற்றி முடித்திருந்தார்கள்.

ஏற்றம் என்றால் என்னவென்று இப்போது சின்னக் குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பாடம் தெரிந்த ஒருவர் நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால், அவர் அந்தப் பாடத்தைப் படித்தது அப்படியே பதிவாகிவிடும். பிறகு பிள்ளைகள் தினம் இரண்டு மணி நேரம், ஐந்து நாள் பட்டையைக் கட்டிக்கொண்டால் போதும், அது அவர்கள் தலைக்குள் ஏறிவிடும். பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களில் பேராசிரியர்களின் பதிவை வாங்கி வைத்திருக்கிறார்கள். நம்மைப் போன்ற ஊர்களுக்குப் பட்டை மட்டும் வந்தது. பதிவுக்கு உங்கள் ஊரிலேயே படித்த ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பெயர் ஊர்க்கொடை.

கணக்கை யார் கொடுப்பது என்று பேசப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மாவட்டத்திலிருந்து தஸ்லீமா என்ற பெண் வந்திருந்தாள். பட்டை, பதிவு எல்லாம் அவள் பொறுப்பு. முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் தெளிவாகப் பேசினாள்.

"கணக்க ஆசையா படிச்சவங்க யாரோ அவங்க வரணும். பெரிய ஆளா இருக்கணும்னு அவசியமே இல்ல" என்றாள்.

ஊர் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டது. மேலத்தெருவில் பி.எஸ்ஸி. கணக்குப் படித்த சிந்தாமணி இருக்கிறாளே என்று தலைமையாசிரியை குணசுந்தரி டீச்சர் மெதுவாக ஆரம்பித்தார். "அந்தச் சின்னப் பொண்ணு பேர ஃப்ளெக்ஸ்ல போட்டா எவன் வருவான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான், சிந்தாமணி பேச்சு முடிந்தது. கோயிலில் முதல் மரியாதை வாங்குகிற வீடு இருக்க, பள்ளிக்கூடத்து மரியாதை மட்டும் வேறு வீட்டுக்குப் போனால் ஊர் என்ன ஆவது? முதல் மரியாதை வீட்டுப் பிள்ளை இன்சினியர் வைரவசுந்தரம். பத்தாம் வகுப்புக் கணக்கில் தொண்ணூற்றெட்டு. தாலுகாவிலேயே முதல். வேறென்ன வேண்டும்?

அவன் இரண்டு தரம் "எனக்கு எதுக்குங்க, வேற யாரையாவது பாருங்க" என்றான். பெரிய மனுசனுக்கு எவ்வளவு அடக்கம் என்று எல்லோரும் பூரித்துப் போனார்கள். நான் கூட்டத்துக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லக்கூடியதை இருபத்தொரு வருஷமாக யாரும் நம்பவில்லை.

பதிவு முடிந்ததும் வழக்கம்போல ஊர் திரண்டு கல்விச் சீர் கொண்டுவந்தது. மேளம், நாதஸ்வரம், வெடி. பெண்கள் தலையில் தாம்பாளம். ஒன்றில் பழம், ஒன்றில் நோட்டுப் புத்தகம், ஒன்றில் சாக்பீஸ் டப்பா. பின்னால் வண்டியில் பீரோவும் மின்விசிறியும். எல்லாவற்றுக்கும் முன்னால் பட்டுத்துணி போர்த்திய தட்டில், வெற்றிலைப் பெட்டி அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி. அதற்குள்தான் வைரவசுந்தரத்தின் கணக்கு இருந்தது. மாலை போட்டு, ஆரத்தி எடுத்து, பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். அன்றைக்கு வடை பாயசத்தோடு முந்நூறு பேருக்கு நான்தான் ஆக்கிப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தமிழ்க்கனியை உட்காரவைத்து விசாரித்தேன்.

"கணக்கு நல்லா வருதாடி?"

தலையை ஆட்டினாள்.

"வரலையா?"

அதற்கும் ஆட்டினாள்.

"ஏய், வெளையாடாத. சாப்டியா சாப்டலையா?"

இரண்டுக்கும் சேர்த்து ஓர் ஆட்டல். எனக்குச் சிரிப்பாக வந்தது. அவளுக்கு வரவில்லை.

மறுநாள் குணசுந்தரி டீச்சர் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு சமையல் கூடத்துக்கே வந்துவிட்டார். கணக்கு வாத்தியார் இடம் நான்கு வருஷமாகக் காலி. டீச்சர் தமிழ் ஆள். யாரிடம் புலம்புவது என்று தெரியாமல் என்னிடம் வந்திருக்கிறார்.

"அஞ்சுகம், என்ன கொடுமைன்னு பாரேன். பரீட்சை வச்சேன். எல்லாம் ஆறே ஆறு கணக்கு போட்டிருக்குதுங்க. நான் கேட்ட கணக்குகூட இல்ல. இருவத்து மூணு நோட்டுலயும் அதே ஆறு. ஒரு எழுத்து மாறல."

கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நோட்டைப் புரட்டினேன். முதல் கணக்கு சரி. இரண்டாவது சரி. நான்காவதை இரண்டு தரம் பார்த்தேன். மூலங்களின் கூடுதலுக்கு மைனஸ் போட மறந்து, அப்புறம் நினைவு வந்து, இரண்டு கோடு இழுத்து அடித்து, அதற்கு மேலே சின்னதாகத் திருத்தி எழுதியிருந்தது. ஏழுக்கெல்லாம் இடுப்பில் குறுக்குக் கோடு. அடுத்த நோட்டை எடுத்தேன். அதே அடித்தல், அதே இடத்தில். அதற்கடுத்த நோட்டிலும்.

அது என் அடித்தல். என் ஏழு. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியது.

டீச்சருக்கு அன்றுதான் முழுவதையும் சொன்னேன். இங்கும் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, கணக்குப் பரீட்சை. எங்கள் காலத்தில் பையன்களுக்கு முதலில் நம்பர் போட்டு முடித்துவிட்டுப் பெண்களுக்குப் போடுவார்கள். பையன்களில் கடைசி வைரவசுந்தரம், பெண்களில் முதல் அஞ்சுகம். அதனால் அவனும் நானும் பக்கத்துப் பக்கத்து வரிசை. எனக்குக் கணக்கு என்றால் உயிர். எழுதிக்கொண்டே போனேன். கூடுதல் தாள் ஒன்றை முடித்து, நூல் போட்டுக் கட்டுவதற்கு முன்னால், மேலே ஓடிய மின்விசிறிக் காற்றில் அது பறந்து அவன் பெஞ்சுக்குக் கீழே போய் விழுந்தது. அவன் குனிந்து எடுத்தான். கொடுப்பான் என்று பார்த்தேன். கொடுக்கவில்லை. மடியில் வைத்து எழுத ஆரம்பித்தான். ஆறு கணக்கு.

வாய் திறந்தால் பேசினேன் என்று பிடிப்பார்களோ என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது பறக்கும் படை உள்ளே வந்தது. அவன் காலாலேயே தாளை என் பக்கம் தள்ளிவிட்டான். அதிகாரி எடுத்துப் பார்த்தார். இரண்டு பேர் விடையும் ஒன்று. "யாரு எழுத்து இது?" என்றார். "என்னுது சார், பறந்து போச்சு" என்றேன். அவர் அவன் பக்கம் திரும்பி, கண்ணை உருட்டி, "இவதானே ஒனக்குக் குடுத்தா?" என்று கேட்டார்.

அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் அவன் செய்தது. என்னை மூன்று வருஷம் பரீட்சையே எழுதக் கூடாது என்று டிபார் பண்ணினார்கள். அவனைப் பெரிய வீட்டுப் பிள்ளை, தெரியாமல் வாங்கிவிட்டான் என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஊர் எனக்குப் 'பிட்டு அஞ்சுகம்' என்று பெயர் வைத்தது. கல்யாணம் பேச வந்த இரண்டு இடத்தில் அந்தப் பெயரைக் கேட்டே திரும்பிப் போனார்கள். இன்றைக்கும் கடைத்தெருவில் இந்த ஊரில் எத்தனையோ அஞ்சுகம் இருப்பது மாதிரி, "எந்த அஞ்சுகம்? பிட்டா?" என்பார்கள்.

டீச்சர் கேட்டு முடித்துவிட்டு, "அடப்பாவி" என்று சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று மாலையே சிந்தாமணியைக் கூட்டிவந்து, பழைய மாதிரி கரும்பலகையில் கணக்கு நடத்தச் சொன்னார். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கணக்கு எப்படியோ வந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. என் பயம் வேறு.

வியாழக்கிழமை பேனா வாங்கப் போன தமிழ்க்கனியைப் மளிகைக் கடைக்காரர் கையைப் பிடித்து நிறுத்திவைத்திருப்பதாக ஓர் ஆள் வந்து சொன்னார். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"நூறு பக்கம் நோட்டு ஒரு கட்டுக் காணோம். நீயா எடுத்தேன்னு கேட்டேன். ஆமாங்குது ஒன் மவ" என்றார் அவர்.

"எங்கடி நோட்டு?"

அவள் வெறுங்கையோடு நின்றாள். ஐந்து நிமிஷம் கழித்துக் கடைக்காரர் மனைவி அந்தக் கட்டை அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திப் பிடித்து உலுக்கினேன்.

"எடுக்காதத எடுத்தேன்னு ஏன்டி தலையாட்டுன? பைத்தியமா ஒனக்கு?"

"அம்மா, பெரியவங்க யாராச்சும் கண்ண உருட்டிக் கேட்டா கழுத்து தானா ஆடுதும்மா. உள்ள இல்ல இல்லன்னு கத்துறேன். வெளிய வர மாட்டேங்குது."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நானும்தான். பதினைந்து வயசுப் பொம்பளைப் பிள்ளை. பஸ்ஸில் போகும், வரும். பரீட்சை எழுத வேறு ஊருக்குப் போகும். கெட்ட எண்ணத்தோடு எவனாவது ஒரு நாய் வந்து அதட்டிக் கேட்டால், இவள் இல்லை என்று சொல்ல முடியாமல் தலையை ஆட்டுவாளே! எனக்குக் கணக்கும் வேண்டாம், மார்க்கும் வேண்டாம். இவள் தலை ஆடாமல் நிற்க வேண்டும், அது ஒன்று போதும் என்றாகிவிட்டது.

"அம்மா" என்றாள் தமிழ்க்கனி. "ஒண்ணு சொன்னா அடிக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்த ஆளு அன்னைக்கி எந்திரிக்கணும்னு நெனச்சாரும்மா. இல்ல சார்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கால் வரல. அவங்க அப்பா மொகம் கண்ணு முன்னாடி வந்துருச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது! என் வயிற்றில் பிறந்தவள், என் வாழ்க்கையைக் கெடுத்தவனுக்காக என்னிடமே பரிந்து பேசுகிறாள். அதுவும் நேரில் பார்த்தவள் மாதிரி. எழுந்து வெளியே போய்விட்டேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று அழுது தீர்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

மறுநாள் காலையில் தஸ்லீமா வந்தாள். டீச்சர் கூப்பிட்டிருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்க்கா. பாடம் தனியா, மனசு தனியா பதியாது. எப்படிப் படிச்சாங்களோ அப்படித்தான் ஏறும். பத்தாம் வகுப்புக் கணக்குன்னு கேட்டதும் அவர் மனசுல எது மேல நின்னுச்சோ அதுதான் வந்திருக்கு. அவர் படிச்ச மத்த கணக்கெல்லாம் அதுக்கு அடியில அமுங்கிப் போச்சு."

"எறக்கி விட்டுரும்மா. எம்புள்ளைக்கி மட்டுமாவது எறக்கி விட்டுரு."

"ஏத்துனத எறக்க முடியாதுக்கா. அதுக்கு மேல இன்னொண்ண ஏத்துனா அமுங்கும். அதுவும் அதே ஆள்கிட்டேருந்து வரணும். அன்னைக்கிச் சொல்லாதத அவர் வாயத் தொறந்து சொல்லணும். நாலு பேர் முன்னாடி, நெசமா. சொன்னதுக்கப்புறம் நான் பதிவு எடுத்து பிள்ளைங்களுக்குக் குடுத்துருவேன்."

"சும்மா மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா?"

"நடக்காதது பதியாதுக்கா."

அன்று மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கார் நிற்கும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டான். தலையெல்லாம் நரைத்துப் போயிருந்தது. என் வயதுதான் அவனுக்கும்.

"வா, அஞ்சுகம். உக்காரு."

"உக்கார வரலங்க. ஒங்க கணக்கு எம்மவளுக்கு ஏறியிருக்கு. நோட்டுல என் கையெழுத்து வருது."

அவன் முகம் செத்துப்போனது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"திருச்சியில நல்ல பள்ளிக்கூடம் இருக்கு. தமிழ்க்கனிய அங்க சேத்து விடுறேன். ஆஸ்டல் எல்லாம் என் பொறுப்பு."

"எம்புள்ளைக்கிக் கணக்கு வரலன்னு நான் வரலங்க. அதுக்கு இல்லன்னு சொல்ல வரல. நீங்க அன்னைக்கி ஆட்டுன தலைய அது இன்னைக்கி ஆட்டிக்கிட்டுத் திரியுது. இருவத்து மூணு புள்ளைங்க. அதுல ஒங்க தங்கச்சி மகளும் ஒண்ணு, போய்க் கேட்டுப் பாருங்க."

அவனுக்கு அது தெரியாது போலிருக்கிறது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணும்னு பண்ணல, அஞ்சுகம்."

"தெரியும். எம்மவ சொன்னா. எந்திரிக்க நெனச்சீங்களாம், கால் வரலயாம். இப்ப வரட்டும். அவ்வளவுதான் கேக்குறேன்."

அவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான். அப்புறம், "திங்கக்கெழமை கூட்டம் போடச் சொல்லு. சொல்லிடுறேன்" என்றான்.

சனி, ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை. தமிழ்க்கனியை வாசலுக்குக்கூட விடவில்லை. அவள் சிந்தாமணி கொடுத்த கணக்குகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே அந்த ஆறு கணக்கை அவள் கை தானாக எழுதியது. எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட ஹாலில் இடமில்லை. முன்வரிசையில் வைரவசுந்தரத்தின் பெரியப்பாவும் பங்காளிகளும். பின்னால் ஊர். பக்கத்துச் சுவரோரமாகத் தரையில் இருபத்து மூன்று பிள்ளைகள். தஸ்லீமா பட்டையை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். நான் கதவோரமாக நின்றேன். உட்காரச் சொன்னார்கள், முடியவில்லை.

டீச்சர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மைக்கை அவன் கையில் கொடுத்துக் கேட்டார்.

"சார், ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கிப் பரீட்சையில அந்தத் தாள அஞ்சுகம் ஒங்களுக்குக் குடுத்தாங்களா?"

அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். எங்களைப் பார்த்தான். பிள்ளைகளைப் பார்த்தான். அப்புறம் முன்வரிசையைப் பார்த்தான். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "சொல்லுப்பா. அவதானே குடுத்தா? அப்பவே விசாரிச்சு முடிஞ்ச விசயந்தானே" என்றார், கண்ணை உருட்டி.

வைரவசுந்தரம் தலையை ஆட்டினான்.

ஹாலில் ஒரு சலசலப்பு. "அதான பாத்தேன்" என்று எவனோ சொன்னான். எவனோ சிரித்தான். "பிட்டு" என்றது ஒரு குரல். எனக்கு அழுகைகூட வரவில்லை. போயிற்று, என் பிள்ளை கடைசி வரைக்கும் இப்படித்தான் இருக்கப் போகிறாள் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று திரும்பினேன்.

"இல்ல."

தமிழ்க்கனி எழுந்து நின்றாள்.

"ஏய், உக்காரு!" என்று பெரியப்பா அவள் பக்கம் திரும்பினார். அதே உருட்டல். "ஒங்கம்மாதானே குடுத்தா? ம்?"

அவள் கழுத்து ஆடப் போனது. நான் பார்த்தேன். தாடை கீழே இறங்கியது. சட்டென்று இரண்டு கையாலும் தன் தாடையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

"குடுக்கல" என்றாள், பல்லுக்கு நடுவே. "காத்துல பறந்து வந்துச்சு. நான்தான் எடுத்தேன். மடியில வச்சு எழுதுனேன். ஆபிசர் வந்ததும் கால்ல தள்ளிவிட்டேன். நான்தான்."

"இவ என்ன ஒளறுறா?"

"நான்தான் எடுத்தேன்" என்று இன்னொரு குரல். அவனுடைய தங்கச்சி மகள். அவளும் எழுந்து தாடையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் யார் என்று பார்க்க முடியவில்லை. எல்லாம் எழுந்துவிட்டன. சில பிள்ளைகள் அழுதுகொண்டே, சில கத்திக்கொண்டே. "நான்தான் எடுத்தேன். அக்கா குடுக்கல." இருபத்து மூன்று பேரும் தங்கள் கழுத்தைத் தாங்களே பிடித்துக்கொண்டு நின்று அதைச் சொன்னார்கள். பின்னால் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எழுந்துவிட்டார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவளைக் கட்டிக்கொண்டேன். "அம்மா, கேளேன், எதையாச்சும் அதட்டிக் கேளேன்" என்றாள்.

"நீயாடி எடுத்த?" என்றேன், என்னால் முடிந்த அதட்டலாக.

"இல்ல" என்றாள். தலை ஆடவில்லை.

தஸ்லீமா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அவர்கிட்ட இருந்த அதே பயத்தத்தான்க்கா இதுங்களுக்கும் ஏத்துனேன். ஒரு துளி கூடக் கொறையாம" என்றாள். "இது நான் ஏத்துனதுல இல்ல."

வைரவசுந்தரம் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தான். முகமெல்லாம் வேர்வை. தஸ்லீமாவிடம் மெதுவாகத்தான் பேசினான், ஆனால் நான் பக்கத்தில் நின்றேன், எனக்குக் கேட்டது.

"அந்தப் புள்ள இப்ப சொன்னதப் பதிஞ்சு எனக்கு ஏத்த முடியுமா?"

தஸ்லீமா திகைத்துவிட்டாள். "முடியும் சார். பெரியவங்களுக்கும் ஏறும். ஆனா அவங்க அம்மா சம்மதிக்கணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரெண்டு மணி நேரந்தான், அஞ்சுகம்" என்றான். கையெடுத்துக் கும்பிடாத குறை. "அது ஏறுனா நானும் எந்திரிச்சுச் சொல்லிருவேன். எனக்குத் தானா வர மாட்டேங்குது."

பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தபோது அவனை வா போ என்றுதான் கூப்பிட்டேன். அந்தப் பரீட்சைக்கு அப்புறம்தான் நீங்க, வாங்க எல்லாம் வந்தது. அன்றைக்கு என் வாய் பழையபடி திரும்பிவிட்டது.

"ஏன்டா, இதையுமா பாத்து எழுதப் போற?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் திரும்பிப் போய் மேசைமேல் இருந்த மைக்கை எடுத்தான். ஹால் அடங்கியது. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. மூடிக்கொண்டான். மறுபடி திறந்தான். முன்வரிசையில் பெரியப்பா எழுந்து வெளியே நடந்தார். நான் தமிழ்க்கனி கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.